ஏழு தடவை இழுத்த பூட்டு

சார், தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பையைக் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கறீங்களா? ஜிப்பு மூணு விரல் அளவுக்குத் திறந்திருக்கு. அதைப் பாத்துக்கிட்டே திருச்சி வரைக்கும் என்னால வர முடியாது. ஆங், மூடிட்டீங்களா, ரொம்ப நல்லது. சிரிங்க சார், பரவால்ல. என்னைப் பாத்துச் சிரிக்காத ஆளு எங்க சொந்தத்துலயே கிடையாது.

நீங்க தஞ்சாவூர்ல ஏறினீங்க. நான் பட்டுக்கோட்டையிலேருந்து வரேன். பேரு மாசிலாமணி. ஈ.பி.யில சப் ஸ்டேஷன் ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆயி நாலு வருஷம் ஆச்சு. இன்னைக்குத் திருச்சியில என் பொண்ணு சுகந்திக்கு வளைகாப்பு. பத்தரை மணிக்கு நல்ல நேரம். அது முடிஞ்சதும் பிரசவத்துக்கு அவளை எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும். ஒரே பொண்ணு. அவ முகத்தைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு சார்.

அதை விடுங்க. நான் ஒரத்தநாட்டைத் தாண்டிட்டேன். அதைத்தான் யாருகிட்டயாவது சொல்லணும்னு காலைலேருந்து வாய் துடிக்குது. உங்களுக்கு ஒரத்தநாடு வழியில வர்ற ஒரு ஊரு. எனக்கு அதுதான் எல்லை. பட்டுக்கோட்டையில பஸ் ஏறும்போது ஒண்ணும் இருக்காது. பத்து கிலோமீட்டர் போனதும் லேசா ஆரம்பிக்கும். வீட்டைப் பூட்டினோமா? கேஸை மூடினோமா? பூட்டினோமே. மூடினோமே. மூடினது நேத்தா இன்னைக்கா? ஒரத்தநாடு வரதுக்குள்ள சட்டை நனைஞ்சுடும். இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப் பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிப் போவேன். எத்தனை தடவைன்னு கோகிலாவைக் கேட்டா சொல்லுவா. கோகிலா என் சம்சாரம். போய்ப் பாத்தா எல்லாம் மூடித்தான் இருக்கும். முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட எதுவும் தொறந்து கெடந்ததில்ல. ஒரு தடவைகூட இல்ல சார், அதான் வேடிக்கை.

இதுக்கு இப்ப ஒரு பேரு வெச்சிருக்காங்களே, ஓசிடின்னு. இப்ப பாத்தா எல்லாருக்கும் இருக்காம். பேனாவை நேரா வெச்சா ஓசிடி. துணியை மடிச்சு வெச்சா ஓசிடி. போன மாசம் ஒரு கல்யாணத்துல ஒரு பொண்ணு, எனக்கும் ஓசிடி அங்கிள், பத்து விரல்லயும் நெயில் பாலிஷ் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்லிச் சிரிச்சுது. நானும் சேந்து சிரிச்சேன். அந்த நேரத்துல என் வயித்துக்குள்ள எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதை எப்படி அந்தப் பொண்ணுகிட்டச் சொல்றது? எங்க மாப்பிள்ளை வாட்சப்புல ஒரு படம் அனுப்புவாரு. தரை முழுக்க டைல்ஸ், அதுல ஒண்ணு மட்டும் திரும்பிக் கிடக்கும். கீழ, மாமா தூக்கம் வருதான்னு போட்டிருப்பாரு. நல்ல மனுஷன்தான். நான் அந்தப் படத்தை அழிச்சுட்டேன். அழிச்சுட்டேனான்னு நாலு தடவை பாத்தேன்.

கோகிலாவும் கேலி பண்ணுவா, ஆனா அது வேற. வாசல்ல என் செருப்பு ரெண்டும் ஜோடியா இருக்கும். போற போக்குல கால் விரலால ஒண்ணை மட்டும் கொஞ்சம் நகத்தி வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ள போயிடுவா. நான் எப்ப எந்திரிக்கறேன்னு கதவிடுக்குல நின்னு பாப்பா. நான் எந்திரிச்சுப் போய்ச் சரி பண்ணினதும் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் வேணும்னே எந்திரிச்சிருக்கேன்.

எனக்கு இந்தப் புத்தி எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, என் வேலைலேருந்துதான்னு நான் சொல்லுவேன். அவ ஒத்துக்க மாட்டா, கல்யாணத்தன்னைக்கே மாலையை நீங்க நேர் பண்ணிக்கிட்டுதான இருந்தீங்கம்பா. சப் ஸ்டேஷன் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? வயர்மேன் கம்பத்துல ஏறணும்னா லைன்ல கரண்டு இருக்கக்கூடாது. ஆபரேட்டர் சுவிட்சை இறக்கி, அதுக்கு ஒரு பூட்டுப் போட்டு, இழுத்துப் பாத்து, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கணும். அப்புறம்தான் மேல ஏறுன்னு சொல்லணும். அவன் இறங்கி வந்து நேரா முன்னால நிக்கற வரைக்கும் சாவி பையை விட்டு வரக்கூடாது. எனக்கு வேலை கத்துக்கொடுத்தவரு சொல்லுவாரு, மாசிலாமணி, சாவி உன் பையில இருக்கற வரைக்கும் மேல இருக்கறவன் உசுரோட இருக்கான்னு. முப்பத்திநாலு வருஷம் அதை வெச்சே பொழைச்சேன்.

ஒரு தடவை மழைக்காலம். ஆரோக்கியசாமின்னு ஒரு வயர்மேன், நல்ல பையன், கம்பத்துக்கிட்ட போயிட்டான். நான் பூட்டுப் போட்டு இழுத்துப் பாத்து, ஏறச் சொல்லிப் போன் பண்ணப் போறேன். மனசு கேக்கல. திரும்பப் போய்ப் பாத்தேன். சரியா இருந்துச்சு. திரும்பவும் மனசு கேக்கல. நாலு தடவை போயிட்டு வந்தேன், ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அஞ்சாவது தடவை அண்ணாந்து பாத்தா, சுவிட்சுல கரண்டை வெட்டி விடற மூணு கத்தியில ஒண்ணு முழுசா விலகாம ஒட்டிக்கிட்டு நிக்குது. பூட்டு சரி, கத்தி சரியில்ல. ஆரோக்கியசாமி ஏறியிருந்தா அன்னைக்கு அவன் கரிக்கட்டை. அதுக்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கு கொண்டு வந்து கொடுப்பான். நான் பண்றது பைத்தியக்காரத்தனம்னு யாராவது சொன்னா, அவனைத்தான் நான் நெனச்சுக்குவேன்.

ஆனா வீடு சப் ஸ்டேஷன் இல்லையே. வீட்டுல வந்து இதே வேலையைப் பண்ணினா யாரு தாங்குவா? எனக்குக் கேஸ் வாடை அடிக்கும் சார். வீட்டுல இல்ல, வெளியூர்ல. பஸ்ஸுல அடிக்கும், கோயில் பிராகாரத்துல அடிக்கும், அறுபது கிலோமீட்டர் தள்ளி அடிக்கும். டூட்டியில இருக்கும்போது கோகிலா கூப்பிடற மாதிரி காதுல விழும். என்னங்க, என்னங்கன்னு. சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடுவேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா, இல்லேன்னா தூங்கிக்கிட்டு இருப்பா. மூச்சிரைக்க வந்து நிக்கறவனைப் பாத்து, வந்தது வந்தீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்கம்பா. ஒரு நாள்கூடக் கடிஞ்சு பேசினதில்ல.

கடிஞ்சு பேசினது சுகந்தி கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

அதைச் சொன்னா உங்களுக்கும் என் மேல வெறுப்பு வரும். கல்யாணம் பட்டுக்கோட்டையிலதான், மண்டபத்துக்கும் வீட்டுக்கும் மூணு கிலோமீட்டர். முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கு. நான் பட்டு வேட்டியோட தாரை வார்க்க உக்காந்திருக்கேன். கேஸ் வாடை அடிச்சுது. ஹோமப் புகைக்கு நடுவுல எனக்கு மட்டும் கேஸ் வாடை. அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வந்துடலாம்னு பின்பக்கமா இறங்கிட்டேன். போனேன், பாத்தேன், மூடியிருந்துச்சு. பூட்டினேன், வண்டியை எடுத்தேன், பூட்டினோமான்னு திரும்பினேன். அப்புறம் ஒரு தடவை. அப்புறம் ஒரு தடவை. மண்டபத்துக்கு வந்து சேந்தப்ப கெட்டிமேளம் முடிஞ்சு பந்தி போட்டுக்கிட்டு இருந்தாங்க. என் மச்சான் தாரை வார்த்துக் கொடுத்திருந்தான்.

சுகந்தி மணவறையில உக்காந்து என்னையே பாத்தா. அழல. அன்னைக்கு மூடின வாய்தான், ரெண்டு வருஷமா என்கிட்டப் பேசல. அம்மாகிட்ட மட்டும் போன்ல பேசுவா. வளைகாப்பு தேதி வெச்சதும் அம்மாகிட்டச் சொல்லி அனுப்பினா. அப்பா நேரத்துக்கு வந்தா வரட்டும், இல்லேன்னா இனிமே என் வீட்டுக்கு வரவே வேண்டாம், கொழந்தையைப் பாக்கவும் வேண்டாம்னு. அவ்வளவுதான் சொன்னா. நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

கோகிலா என்னை எங்க ஊர்லயே ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனா. நல்ல டாக்டர். இது ஒரு நாள்ல போறதில்ல, சின்னச் சின்னதா பழகணும், முதல்ல செருப்புலேருந்து ஆரம்பிப்போம்னாரு. வாராவாரம் வரச் சொன்னாரு. வளைகாப்புக்கோ பத்து நாள்தான் இருக்கு. செருப்புலேருந்து ஆரம்பிச்சா நான் எப்ப ஒரத்தநாட்டைத் தாண்டறது? ரெண்டு தடவை போனதோட நிறுத்திட்டேன்.

அதுக்கு நடுவுல கோகிலா துவைக்கற கல்லுல வழுக்கி விழுந்து கணுக்கால் உடைஞ்சுபோச்சு. மாவுக்கட்டு. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நாலு எட்டு வைப்பா, அவ்வளவுதான். பஸ்ஸுல ஏற முடியாது. பொண்ணு வளைகாப்புக்குப் பெத்த அம்மா இல்லைன்னா அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்? ஆனா அவ தன்னைப் பத்திக் கவலைப்படல. என்னைப் பத்தித்தான். நேத்து சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சு, என் வலது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில வெச்சா.

"என் மேல சத்தியம் பண்ணுங்க. நாளைக்கு என்ன தோணினாலும் திரும்பி வரக்கூடாது. ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லக்கூடாது. வாடை அடிக்கட்டும், நானே கூப்பிடற மாதிரி காதுல கேக்கட்டும், திரும்பக்கூடாது. திரும்பினீங்கன்னா நான் உங்களுக்கு இல்ல."

அப்படித்தான் சொன்னா. வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன். அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்றதுன்னா சும்மாவா? ஆனா பண்ணிட்டேன். அதான் சார் இன்னைக்கு என்னைக் காப்பாத்திக்கிட்டு வருது. ஒரத்தநாட்டுல பஸ் நின்னப்ப கால் ரெண்டும் எந்திரிக்கப் பாத்துச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். திரும்பினா அவளுக்கு ஏதாவது ஆயிடும். நீ இறங்கினா அவ உசுருக்கு ஆபத்து, உக்காருன்னு என்னை நானே அதட்டினேன். பஸ் கிளம்பிடுச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

இன்னைக்குக் காலைல நான் அடுப்படிப் பக்கமே போகல. அதை நீங்க கேக்கணும். ஆறரை மணிக்கு அவ வாக்கரோட வந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தா. அப்புறம் தனக்குப் பால் வெச்சுட்டு, ஹாலுக்கு வந்து நாற்காலியில உக்காந்தா. மத்த நாளா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டி, திரும்ப மாட்டி, திரும்பக் கழட்டி, அடுப்புக் குமிழை ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வருவேன். இன்னைக்கு எட்டிக்கூடப் பாக்கல. பால் பொங்கற சத்தம் வந்துச்சு. புஸ்ஸுன்னு. நான் செருப்பை மாட்டிக்கிட்டேன். அவ பாத்துக்குவா, அவ வீடு, அவ அடுப்பு. ஆனா ஒண்ணு, அந்தக் கொரோனா வந்து போனதுலேருந்து அவளுக்கு மூக்கு வேலை செய்யறதில்ல. ஊதுவத்தி வாசனைகூடத் தெரியாது. இனிமே வாடை பிடிக்கற வேலை முழுக்க உங்களுதுதாங்கன்னு அதுக்கும் ஒரு கேலி.

பை எடுத்து வைக்கறதும் எப்பவும் நான்தான். அதுல யாரும் கை வைக்கக்கூடாது. ரெண்டு தண்ணி பாட்டில், ரெண்டு கைக்குட்டை, ரெண்டு மூக்குக் கண்ணாடி, ரெண்டு போன். எதெது எங்கெங்க உக்காரணுமோ அங்கங்க உக்காந்தாதான் ஜிப்பு மூடும்போது ஒரு நிம்மதி. இன்னைக்கும் அப்படித்தான் வெச்சேன். இதோ இருக்கு பாருங்க. இது என் கண்ணாடி, இது அவ கண்ணாடி. இது என் போன். இது அவளுது.

இதான் சார் அடிக்குது. கொஞ்சம் இருங்க. சுகந்திதான். அம்மாவைக் கூப்பிடறா. தஞ்சாவூர் வரதுக்குள்ளயே நாலு தடவை அடிச்சுட்டா. நான் எடுக்கல. என்கிட்டத்தான் அவ பேசறதில்லையே, நான் எடுத்தா வெச்சுடுவா. நேர்ல போய் நிக்கறேன், அப்பத் தெரிஞ்சுக்கட்டும். அம்மா எடுக்கலேன்னா குளிக்கறான்னு நெனச்சுக்குவா. நின்னுடுச்சு பாருங்க.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? அவகூட யாரு இருக்கான்னா கேக்கறீங்க? யாரும் இல்ல. நாளைக்கு அவ தங்கச்சி வந்துடுவா. எதிர்வீட்டு டெய்சி டீச்சர் ஸ்கூல் விட்டு வந்ததும் நாலரை மணிக்கு எட்டிப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. எங்களுது புது நகர், வீடுங்க தள்ளித் தள்ளி இருக்கும். பகல்ல ஒரு ஈ காக்கா இருக்காது. பின்பக்கக் கதவா? அதுக்கு வெளிப்பக்கம் நிரந்தரமா ஒரு பூட்டு உண்டு, பூனைக்குப் பயந்து நான் போட்டது. ஜன்னல் எல்லாம் கொசுவுக்குப் பயந்து அவ ராத்திரி மூடினது. முன்பக்கம் மரக்கதவு, அதுக்கு வெளிய கிரில் கேட்டு.

வாசல்ல பூட்டறதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருக்கு சார், அதைச் சொல்ல மறந்துட்டேன். கல்யாணமான புதுசுல நான் கிரில்லைப் பூட்டிட்டு இழுப்பேன், இழுப்பேன், இழுத்துக்கிட்டே இருப்பேன். எத்தனை தடவை இழுத்தாப் போதும்னு எனக்கே தெரியாது. பஸ்ஸைத் தவற விட்டுடுவோம். ஒரு நாள் அவ பையைக் கீழ வெச்சுட்டு, எனக்குப் பக்கத்துல நின்னு எண்ண ஆரம்பிச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழுன்னதும் என் கையைப் பிடிச்சு, ஆச்சு, வாங்கன்னா. என்னமோ தெரியல, அவ ஏழுன்னு சொன்னதும் மனசு அடங்கிடுச்சு. அதுலேருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் இழுப்பேன், அவ பக்கத்துல நின்னு எண்ணுவா. சுகந்தி கல்யாணத்தன்னைக்கு ஓடி வந்ததைத் தவிர, முப்பத்தொரு வருஷமா அவ இல்லாம நான் வீட்டைப் பூட்டினதே இல்ல. டூட்டிக்குப் போனா அவ வீட்டுல இருப்பா, பூட்டற வேலை இல்ல. வெளியூர் போனா சேந்துதான் போவோம்.

இன்னைக்கு நானே எண்ணிக்கிட்டேன். கதவைச் சாத்திட்டுப் போங்க, டீச்சர் வந்தா தொறந்துக்கட்டும்னு சொன்னா. சாத்தினேன். கிரில்லைச் சாத்தினேன். பூட்டுப் போட்டேன். ஏழு தடவை இழுத்துப் பாத்தேன். எட்டாவதுக்குக் கை போச்சு, விடலயே. சாவி இதோ சட்டைப் பையில. வர்ற வழியெல்லாம் ஒரு தடவைகூட, பூட்டினோமான்னு சந்தேகம் வரல. அவ்வளவு பக்காவா பூட்டியிருக்கேன்.

என்ன சார்? மெதுவாப் பேசுங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. உள்ள ஆள் இருக்குன்னா என்ன? ஆமா, உள்ளதான் இருக்கா. நான்தான் சொன்னேனே, கால்ல கட்டுன்னு.

வெளியில பூட்டிட்டேனா.

இருங்க. கொஞ்சம் இருங்க சார், நான் யோசிக்கறேன். சாத்திட்டுப் போங்கன்னா. நான் பூட்டு... அவ பக்கத்துல நின்ன மாதிரிதான் இருந்துச்சு. ஏழுன்னு சொன்னது அவதானோன்னுகூட இப்பத் தோணுது. இல்ல, அவ எப்படி நின்னிருப்பா, உள்ள நாற்காலியில இருந்தா. பால் வெச்சிருந்தா.

இல்ல சார். நிறுத்துங்க. நீங்க பேசறது எனக்குப் பழக்கமான பேச்சு. கேஸ், அடுப்பு, உள்ள ஆளு, ஓடு ஓடுன்னு. முப்பத்தொரு வருஷமா இதே வார்த்தைதான். இதுவரைக்கும் என் மண்டைக்குள்ளேருந்து வந்துச்சு, இன்னைக்குப் பக்கத்து சீட்டுலேருந்து வருது. நீங்க நல்லவருதான், நான் தப்பு சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் இது உண்மை மாதிரிதான் இருக்கும். கல்யாணத்தன்னைக்கு இருந்ததைவிட உண்மையா எதுவுமே இருந்ததில்ல. போய்ப் பாத்தா மூடித்தான் இருந்துச்சு. என் பொண்ணு போயிட்டா.

யாருக்கு சார் போன் போடறீங்க? வேண்டாம். நகர் பேரு கேக்காதீங்க, தெரு பேரு கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன். ஆளை அனுப்பறதும் திரும்பறதும் ஒண்ணுதான்னு சத்தியத்துலயே இருக்கு. டெய்சி டீச்சர் நம்பரா? அது அவ போனுக்குள்ள இருக்கு, அதைத் திறக்க அவ விரல் வேணும். சார், கையை விடுங்க. சாவியைக் கொடுக்க மாட்டேன். இந்தச் சாவி என் பையை விட்டு வரவே கூடாது.

கண்டக்டர், ஒண்ணும் இல்லப்பா. இவரு பதட்டப்படறாரு. செங்கிப்பட்டியில எனக்கு இறங்க வேண்டியதில்ல. டிக்கெட்டு திருச்சி வரைக்கும் எடுத்திருக்கேன். நீ விசிலைக் கொடு. என்னம்மா, நீங்களும் எந்திரிச்சுட்டீங்களா? உக்காருங்கம்மா. எல்லாருமா சேந்து என்னை இறக்கி விடப் பாக்கறீங்க. என் கஷ்டம் உங்க யாருக்கும் தெரியாது. நான் இப்ப இந்தப் படியில கால் வெச்சா என் சம்சாரம் உசுரோட இருக்க மாட்டா. அவ தலையில கை வெச்சு அடிச்சிருக்கேன். நீங்க யாராவது உங்க வீட்டம்மா தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கீங்களா? பண்ணியிருந்தா என்னை இறங்கச் சொல்ல மாட்டீங்க.

போகலாம் ரைட்டு. ம். கிளம்பிடுச்சு.

உக்காருங்க சார். கோவமா? மூஞ்சியைத் திருப்பிக்காதீங்க. உங்க வேர்வையைத் தொடைச்சுக்கங்க, இந்தாங்க, இது அவ கைக்குட்டை, துவைச்சதுதான். துவாக்குடி தாண்டிட்டா அப்புறம் திருச்சிதான். என் பொண்ணு வாசல்லயே நிப்பா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பான்னு கூப்பிடப் போறா. பயமா இருக்கு சார், பொய் சொல்லல, ரொம்பப் பயமா இருக்கு. ஆனா இதைத் தாங்கிக்கணும்னு டாக்டர் சொன்னாரு, தாங்கினா கொஞ்ச நேரத்துல தானா கொறையும்னு.

கொறையத்தான் செய்யுது. எப்பவும் கேஸ் வாடை என்கூடவே பஸ்ஸுல ஏறி வரும். இன்னைக்கு வாசல்ல பூட்டும்போது அடிச்சுது, நல்லா அடிச்சுது, தலை சுத்தற அளவுக்கு. கேட்டை விட்டு நாலு வீடு தள்ளி வந்ததும் சுத்தமா இல்ல. பஸ்ஸுல இல்ல, ஒரத்தநாட்டுல இல்ல, இங்க இல்ல. இந்த மாதிரி ஒரு நாளும் ஆனதே இல்ல சார்.

இன்னொண்ணும் இருக்கு. அதைக் கோகிலாகிட்ட நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தேன், உங்ககிட்டச் சொல்லிடறேன். அஞ்சாவது தடவை பூட்டை இழுக்கும்போது அவ குரல் கேட்டுச்சு. என்னங்க, பூட்டாதீங்க, நான் உள்ள இருக்கேன்னு. வாக்கர் தரையில தட்டற சத்தம்கூட, டொக் டொக்குனு, பக்கத்துல வந்துக்கிட்டே இருந்துச்சு. எத்தனையோ தடவை அவ கூப்பிடற மாதிரி கேட்டிருக்கேன், இவ்வளவு தெளிவாக் கேட்டதில்ல. மத்த நாளா இருந்தா உடனே திறந்திருப்பேன். இன்னைக்கு நான் திரும்பல சார். ஆறு, ஏழுன்னு இழுத்து முடிச்சுட்டு, திரும்பியே பாக்காம பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவா.